முதுகில் எழுதிய எழுத்து

அந்தகக்கவி வீரராகவ முதலியாரைப் பற்றி நம் மாணாக்கர் அறிந்திருப்பது மிகக் குறைவு. பதினேழாம் நூற்றாண்டினர், பிறவியிலேயே பார்வையற்றவர், திருக்கழுக்குன்றப் புராணம், சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் முதலியவற்றை இயற்றியவர், ஈழம் சென்று பரராசசேகர மன்னனிடம் பரிசில் பெற்றவர் என்பர். தேர்வுக்கு இவ்வளவு போதும் என்று நாமும் நிறுத்திக்கொள்கிறோம். ஆயின் அவரைப் பற்றி வழிவழியாக வழங்கிவரும் செய்தி ஒன்று உண்டு. ஏட்டைக் காண இயலாத அச்சிறுவன், எழுத்துகளைத் தன் முதுகில் விரலால் எழுதச் செய்து அவற்றின் வடிவங்களை உணர்ந்து கற்றான் என்பதே அது. இச்செய்தியைச் சொல்லும்போதெல்லாம் நாம் அவருடைய நுண்ணறிவை வியக்கிறோம், இறையருள் என்கிறோம். எழுதிய விரல் யாருடையது என்று நம் வகுப்புகளில் எவரும் வினவக் கேட்டதில்லை.

எனக்கு அவ்வினாவே பெரிதாகத் தோன்றுகிறது. ஏடும் எழுத்தாணியும் பயன்படாத இடத்தில் வேறு வழி காண வேண்டும் என்று ஒருவர் எண்ணியிருக்கிறார். பிள்ளையை மாற்ற அவர் முயலவில்லை. கற்பிக்கும் முறையை மாற்றினார். உடற்குறை உடைய பிள்ளைகளின் கல்வியுரிமை பற்றி இந்நாளில் எழுதப்படும் ஏடுகள் அனைத்திலும் உள்ள கருத்து இதுவே. நம் இலக்கியத்திலும் அது கதையளவில் இருக்கிறது. ஆனால் நாம் போற்றிப் படிக்கும் இலக்கியப் பகுதிகளில் பெரும்பாலும் வேறொரு பார்வையே மேலோங்கி நிற்கிறது. அதனைச் சற்று ஆராய்தல் தமிழாசிரியர்க்கு இன்றியமையாதது எனக் கருதுகிறேன்.

புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மக்கட் பிறப்பின் குறைகளை எட்டாக வகுத்துரைக்கிறார். கூன், குறள், ஊமை, செவிடு ஆகியவை அவ்வரிசையில் வருகின்றன. அவர் நோக்கம் எள்ளுதல் அன்று. சோழன் நலங்கிள்ளிக்கு அறம் பொருள் இன்பங்களின் அருமையை உணர்த்துவதே. எனினும் குறைவற்ற உடம்பே பயனுள்ள பிறப்பு என்னும் எண்ணம் அப்பாடலின் அடித்தளத்தில் இருக்கிறது. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, அரியவற்றை அடுக்கிச் சொல்லுகையில், இவ்வெண்ணத்தையே எளிமையாக்கி ஊரெங்கும் பரப்பிவிட்டது.

அத்தனிப்பாடலை ஒரு பள்ளியின் ஒப்புவித்தல் போட்டியில் கேட்டேன். நான் அங்கு நடுவருள் ஒருவனாகச் சென்றிருந்தேன். மாணவி ஒருத்தி கணீரென்ற குரலில், ஓரெழுத்தும் பிறழாமல் பாடினாள். முன்வரிசையில் செவிக்கருவி பொருத்திய சிறுவன் ஒருவன் அமர்ந்திருந்தான். பாடல் முடிந்ததும் மற்றவர்கள் கைகளைப் பார்த்துத் தானும் கைதட்டினான். அவன் அச்சொற்களை எவ்வளவு கேட்டான் என்பது தெரியவில்லை. அம்மாணவிக்கு மதிப்பெண் இடுவது எனக்கு எளிதாக இல்லை. குற்றம் அவளுடையது அன்று. ஔவையுடையதும் அன்று என்பேன். அப்பாடலைப் பொருள் விளக்கமின்றி, அவையில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாராமல் தேர்ந்து கொடுக்கும் வழக்கமே குற்றமுடையது. பழம்பாடல்களைப் பாடத்தினின்று நீக்குக என்று சொல்பவன் நான் அல்லன். காலத்தோடும் நோக்கத்தோடும் சேர்த்துக் கற்பித்தால் அப்பாடலே நல்ல விவாதத்துக்கு இடந்தரும்.

காப்பியங்களுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்து ஐவகை மன்றங்கள் பேசப்படுகின்றன. அவற்றுள் ஒன்று இலஞ்சி மன்றம். கூனரும் குறளரும் ஊமையரும் செவிடரும் நோயுற்றோரும் அப்பொய்கையில் மூழ்கினால் குறை நீங்கி நல்லுருப் பெறுவராம். இளங்கோவடிகளின் கருணை இதில் விளங்குகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளத்தில் மூழ்கி எழுந்த பின்னரே அவர்கள் வலம்வந்து செல்கின்றனர். மூழ்குமுன் அவர்களுக்கு அந்நகரில் என்ன இடம் இருந்தது என்பதைக் காப்பியம் கூறவில்லை. மணிமேகலையில் ஆபுத்திரன் மதுரையில் இரந்து கொணர்ந்த உணவைக் கண்ணில்லாதார்க்கும் செவியில்லாதார்க்கும் கால் முடம்பட்டார்க்கும் அளித்து, எஞ்சியதைத் தான் உண்கிறான். தமிழில் அறத்தின் உச்சம் இது. எனினும் அவர்கள் அங்கே உண்பவர்களாக மட்டுமே வருகின்றனர். அவருள் ஒருவரும் வாய்திறந்து பேசக் காணோம். குறை நீங்க வேண்டும், அல்லது பசி நீங்க வேண்டும் என்னும் இரண்டுக்கு அப்பால் மூன்றாவதாக ஒன்றும் அவர்களுக்கு எண்ணப்படவில்லை.

இக்காலக் கலைக்கும் இது பொருந்தும். 1990இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ திரைப்படத்தில் அறிவு வளர்ச்சி குன்றிய சிறுமியை முதலில் அடுக்குமாடிக் குடியிருப்பு வெறுக்கிறது, பிறகு அரவணைக்கிறது. அரவணைத்தபின் அவள் இறந்துவிடுகிறாள். பார்த்தோர் கண்ணீர் விட்டனர், நானும் விட்டேன். ஆயினும் அச்சிறுமி உயிரோடிருந்து ஏழு வயதில் பள்ளிக்கு வந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதே ஆசிரியனாகிய எனக்குரிய கேள்வி. நம் மாணவர்கள் எழுதும் சிறுகதைகளிலும் இத்தகைய பிள்ளை இறுதிப் பத்தியில் இறக்கிறது, அல்லது வியத்தகு பரிசொன்றை வெல்கிறது. வகுப்பில் அமர்ந்து வாய்பாடு படிப்பதில்லை.

இங்குத் திருக்குறளைத் துணைக்கழைப்போர் உண்டு. ஆள்வினையுடைமை அதிகாரத்தின் எட்டாம் குறள், பொறியில்லாமை எவர்க்கும் பழியாகாது என்கிறது. டிசம்பர் 3ஆம் நாள் உடற்குறையுடையோர் நாளில் இக்குறள் மேடைதோறும் முழங்குகிறது. பொறி என்பதற்கு உறுப்பு எனப் பொருள் கொள்வர் இக்கால உரையாளர் சிலர். பரிமேலழகரோ ஊழ் என்றே கொண்டார். அடுத்துவரும் இரு குறள்களும் தெய்வத்தையும் ஊழையும் முயற்சியோடு ஒப்பிட்டுப் பேசுவதால், இடத்தை நோக்குங்கால் பரிமேலழகர் உரையே பொருத்தமாகப் படுகிறது. அன்றியும், உறுப்பு எனக் கொண்டால் இன்னோர் இடர்ப்பாடு நேர்கிறது. முயலாமையே பழி என்னும் பிற்பகுதி அப்பிள்ளையின் தலைமேல் சென்று விழுகிறது. சக்கர நாற்காலி ஏற வழியில்லாத மாடியில் வகுப்பை வைத்துவிட்டு, ‘முயற்சி செய்’ என்று பிள்ளைக்கு அறிவுரை கூறுவது வள்ளுவத்துக்கு ஒவ்வாது.

நம் நாட்டுச் சட்டத்தின் வரலாற்றையும் இவற்றோடு சேர்த்துப் படிக்கலாம். 1997ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகள், பிறர் உதவியை எதிர்பாராமல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வல்ல பிள்ளையையே கற்பிக்கத் தக்கதெனக் கொண்டன. முதுகில் எழுத ஒருவர் துணை வேண்டியிருந்த வீரராகவருக்கு அவ்வளவுகோலின்படி இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம், குறையைக் காரணமாகக் காட்டிப் பொதுக் கல்வியினின்று எவரையும் விலக்கலாகாது என்றது. மீறுவோர்க்குத் தண்டனை எதுவும் அன்று அதில் விதிக்கப்படவில்லை என்பது வேறு செய்தி. 2010இல் மலேசியா இது குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்புறுதி செய்தது. 1997 விதிமுறைகளுக்கு மாற்றாக 2013இல் புதியவை வந்தன. 2019இல் எப்பிள்ளையையும் திருப்பியனுப்பலாகாது என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. சட்டம் இலஞ்சி மன்றத்தைக் கடந்து வந்துவிட்டது. பள்ளி அலுவலகத்தில், “இந்தப் பிள்ளைக்கு இங்கு வசதியில்லை, வேறு பள்ளி பாருங்கள் அம்மா,” என்னும் மென்மையான குரல் மட்டும் இன்னும் ஓயவில்லை.

அம்மென்குரலின் விளைவைத் தமிழாசிரியர் நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் இடம் மறுக்கப்பட்ட பிள்ளை தேசியப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பிற்கோ, தனிச் சிறப்புப் பள்ளிக்கோ செல்லும். அங்குப் பயிற்றுமொழி மலாய். அங்குள்ள ஆசிரியர்கள் அன்போடு கற்பிப்பர், அதில் ஐயமில்லை. ஆனால் வீட்டில் பாட்டியோடு பேசும் மொழியில் எழுதவும் படிக்கவும் அப்பிள்ளை கற்பதில்லை. மற்றப் பிள்ளைகள் தமிழை இழந்தால் மேடையேறி வருந்துகிறோம். இப்பிள்ளையின் இழப்பு எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

இலக்கிய வரலாற்றில் இதற்கு மறுதலையாக நிற்பவர் இரட்டையர். இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் இருவருள் ஒருவர் நடக்க இயலாதவர், மற்றவர் பார்வையற்றவர். பார்ப்பவர் வழிசொல்ல, நடப்பவர் அவரைச் சுமந்து செல்வார். ஒருவர் வெண்பாவின் முற்பாதியைத் தொடங்க, மற்றவர் பிற்பாதியை முடிப்பார் என்பர். ஏகாம்பரநாதர் உலாவும் தில்லைக் கலம்பகமும் அவர்கள் தந்தவை. நாம் அவர்களை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே வகுப்பில் சொல்லிச் சிரிக்கவைக்கிறோம். இருவர் சேர்ந்து கற்கும் முறைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை ஆசிரியர் பயிற்சி நூல்களில் நான் படித்ததில்லை.

வீரராகவரின் முதுகுக்கே மீண்டும் வருகிறேன். நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் மணலில் விரலால் எழுதித்தான் அகரம் கற்றார்கள். விரலும் தோலும் எழுத்தை அறியும் என்பது அன்று எவர்க்கும் புதுமையன்று. முதலாம் ஆண்டு வகுப்பில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு மணல் தட்டு வைத்து அ, ஆ எழுதச் சொல்லுங்கள். பார்வை மங்கிய பிள்ளையும், எழுத்து இடம் மாறித் தோன்றும் பிள்ளையும், குறையேதும் இல்லாத பிள்ளையும் ஒரே தட்டில் எழுதும். யாருக்காக அது வைக்கப்பட்டது என்று எந்தப் பிள்ளையும் கேட்காது.