நூலுக்குப் பின்னால் வரும் கிரீம்

“நூல்தானே, அதனால் என்ன ஆகிவிடப்போகிறது?” முழுமுகத் த்ரெட்டிங்குக்கு ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சொல்லப்படும் சமாதானம் இதுதான். புருவத்தோடும் மேலுதட்டோடும் நின்றிருந்த வேலை இப்போது நெற்றி, கன்னம், நாடி, காதோரம் என்று முகம் முழுவதற்கும் பரவிவிட்டது. கல்யாணப் பெண்ணுக்கான அலங்காரத்தில் அது கேட்காமலே சேர்ந்துவிடுகிறது. சடங்குக்கு உட்காரும் பிள்ளைக்கும் பூனைமுடியை எடுத்தால்தான் மேக்கப் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்கள், தாய்மாரும் சம்மதிக்கிறார்கள். மருந்து இல்லை, சூடு இல்லை, நம் பாட்டிமார் காலத்து இயற்கை வழி என்று வக்காலத்து வேறு. இந்த வக்காலத்தை நான் ஏற்கவில்லை.

முதலில் பாட்டிமார் கதையை முடித்துவிடலாம். தேயிலைத்தோட்ட லயங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார் கையில் இருந்தது மஞ்சள். நூல் வேறு ஊர்களின் பழக்கம். ஈரானில் திருமணத்துக்கு முன் மணப்பெண்ணின் முகத்தில் நூல் போடுவது ஒரு சடங்காகவே இருந்தது. அதுவரை கன்னிப்பெண் முகத்தில் நூல் படக்கூடாது என்பது வழக்கம். சீனர்களிடமும் மணப்பெண்ணுக்கு அப்படியொரு முறை உண்டு. அங்கெல்லாம் பெண் வளர்ந்து மணமாகும்போதுதான் அது தொடங்கியது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கன்னத்தில் நூல் போட எந்த ஊர்ப் பாட்டியும் சொல்லித்தரவில்லை.

நூலின் நல்ல குணங்களை மறுக்கவில்லை. ஒரு பருத்தி நூல், இரண்டு கை, கொஞ்சம் பழக்கம், இவ்வளவுதான் மூலதனம். புருவத்தின் ஓரத்தை இவ்வளவு துல்லியமாக வேறெதுவும் திருத்தாது. மெழுகுபோல் தோலைச் சுடாது, பிளீச்போல் எரிக்காது. அழகுக்கலை படித்துவிட்டு, தோட்டத்தை விட்டு வெளியே வந்து சொந்தக்காலில் நிற்கும் எத்தனையோ இளம்பெண்களுக்கு அது சோறு போடுகிறது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்வது மட்டும் நிற்க வேண்டும். கழுத்தில் மாட்டியும் செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் புது நூல், கழுவிய கை என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நூல் போட்ட வரிசையிலேயே மரு பரவியதை இந்தியத் தோல் வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மஞ்சளுக்கும் ஒரு வார்த்தை. இறக்குமதித் தடையால் 2020இல் கிலோ ஆயிரக்கணக்கில் விற்ற நாட்களைத் தவிர, அது எல்லா வீட்டிலும் இருக்கும் பொருள். மஞ்சள் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கின் எண்ணெய் அக்குள் முடியின் வளர்ச்சியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியதாகத் தாய்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. அது அக்குளில், அதுவும் பிரித்தெடுத்த எண்ணெயில். குளிக்கும்போது பூசும் மஞ்சள் பூனைமுடியை வேரோடு போக்கும் என்று யாரும் காட்டியதில்லை. தோலுக்கும் முடிக்கும் ஒரே மஞ்சள் சாயம் ஏறுவதால் முடி கண்ணில் படாமல் போகிறது என்பதே என் எண்ணம். கேடில்லாத வழி, பெரிய பலனும் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி என் நெடுநாள் வருத்தத்துக்கு வருகிறேன்.

முறுக்கிய நூல் ஓடும்போது முடி வேரோடு பிடுங்கப்படுகிறது. புருவத்தில் அப்படிப் பிடுங்குவது சில பத்து முடிகளை. முழுமுகம் என்றால் ஆயிரக்கணக்கான முடிக்கால்களில் ஒரே நேரத்தில் சின்னச் சின்னக் காயம். தோல் சிவந்து தடிக்கிறது, சிலருக்கு அடுத்த நாளே பொரிப்பொரியாகப் பருக்கள் கிளம்புகின்றன. வெள்ளைத்தோலில் அந்தச் சிவப்பு மறைந்துவிடும். நம்முடைய மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அழற்சி பட்ட இடம் கறுத்துப்போகும், தெளிய மாதங்கள் எடுக்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் பத்து வீதம் கூடும். குளிராக இருப்பதால் வெயில் சுடுவது தெரிவதில்லை, ஆனால் தோலுக்குத் தெரிகிறது. காலையில் மலைக்குப் போய்ப் பின்னேரம் வரை கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு, தலையில் துணி போட்டிருந்தாலும் கன்னமும் நாடியும் வெயிலுக்குத்தான்.

முடியை எடுத்தாகிவிட்டது, முகம் திட்டுத்திட்டாகக் கறுத்திருக்கிறது. இந்த இடத்தில்தான் கிரீம் நுழைகிறது. மூடியில் பெயரில்லாத சின்னப் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ ஒரு கலவை. சிலவற்றில் வெளிநாட்டுப் பெயர் இருக்கும், உள்ளே என்ன இருக்கிறதென்று ஒரு வரி இருக்காது. இரவில் பூசுங்கள், பகலில் வெயிலில் போகாதீர்கள் என்று சொல்லிக் கொடுப்பார்கள். கொழுந்து பறிக்கிறவளுக்கு அந்த ஆலோசனையால் என்ன பயன்? பத்து நாளில் முகம் வெளுக்கிறது, பரு அமுங்குகிறது. பக்கத்து லயத்துக்காரியும் ஒரு டப்பா கேட்கிறாள்.

அந்த வேகம்தான் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். இப்படி நாட்கணக்கில் வெளுப்பைக் காட்டும் கலவைகளில் இரண்டில் ஒன்று இருப்பதை உலகெங்கும் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்: ஒன்று பாதரசம், மற்றது பீட்டாமெதசோன், குளோபீட்டசோல் போன்ற ஸ்டீரொய்ட். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு; அழகுப்பொருட்களில் அது அறவே கூடாதென்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023இல் முடிவெடுத்தன. ஸ்டீரொய்ட் அப்படியல்ல, அது உண்மையான மருந்து, வைத்தியர் சொல்லிச் சில நாட்கள் பூசினால் நோயை ஆற்றும். மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், நரம்புபோல் சிவப்புக் கோடுகள் தெரியும், பரு வெடிக்கும். இன்னொன்றும் செய்யும்: முகத்தில் முடி வளர்க்கும்.

இந்தக் கடைசி விஷயத்தை நம் சலூன்களில் யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? பூனைமுடி போகவேண்டுமென்று உட்கார்ந்த பெண், நூலால் கறுத்து, கறுப்புக்குக் கிரீம் பூசி, கிரீமால் முன்னைவிட அதிக முடியோடு மறுபடி அதே நாற்காலிக்கு வருகிறாள். முடி கூடிவிட்டதே என்று அவள் கேட்டால், “உங்களுக்கு அப்படித்தான், அடிக்கடி எடுக்கணும்” என்ற பதில் வருகிறது. அவள் உடம்பின் மேல் பழி போகிறது. டப்பாவின் மேல் போவதில்லை.

இது மிகைப்படுத்தல் என்பவர்கள் இந்தியாவின் பன்னிரண்டு வைத்திய நிலையங்களில் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வைப் பார்க்கட்டும். முகத்தில் தோல் நோயோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீரொய்ட் பூசிக்கொண்டிருந்தார்கள், அதாவது ஏழில் ஒருவர். அவர்களில் கணிசமானவர்கள் அதைப் பூசியது நிறத்துக்காக. கடலுக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் நடக்காதென்று நம்ப எனக்கு ஒரு காரணமும் இல்லை. கட்டுநாயக்காவுக்கு ஆடைத்தொழிற்சாலை வேலைக்கும் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கும் போய்வரும் நம் பெண்களின் பையில் எல்லாக் கிரீமும் மலைக்கு ஏறிவிடுகிறது.

கிரீம் வேறு, நூல் வேறு, ஒன்றின் குற்றத்தை மற்றதன்மேல் போடலாமா என்று கேட்பார்கள். ஒரே மேசையில் ஒரே கையால் இரண்டும் கொடுக்கப்படும்வரை நான் பிரித்துப் பார்க்க மாட்டேன். முழுமுகத்துக்கு நூல் போடுவதைத் தேயிலைமலைச் சலூன்கள் அடியோடு விடவேண்டும். புருவமும் மேலுதடும் போதும்.

அப்படியானால் கன்னத்துப் பூனைமுடிக்கு என்ன வழி? எடுக்காமலே விடலாம், அதுவே முதல் பதில். எடுத்தே ஆகவேண்டுமென்றால், நம் பெண்கள் கேட்டாலே பயப்படுகிற ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்: சவரம். சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. அமெரிக்காவில் மில்ட்ரெட் ட்ரொட்டர் என்ற ஆய்வாளர் 1928லேயே அளந்து பார்த்துச் சொல்லிவிட்டார். 1970இல் இளைஞர்கள் ஒரு காலை மட்டும் மாதக்கணக்கில் மழித்து மறுகாலோடு ஒப்பிட்ட ஆய்விலும் தடிப்பிலோ வேகத்திலோ வித்தியாசம் இல்லை. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரக்கும், அவ்வளவுதான். முகத்தைக் கழுவி, ஈரம் இருக்கும்போதே, முகத்துக்கென்று விற்கும் சின்ன ரேசரால் முடி படிந்திருக்கும் பக்கமாக மெல்ல இழுத்தால் போதும். வேர் பிடுங்கப்படுவதில்லை, ஆகவே கறுப்பதும் குறைவு. ரேசர் ஒருவருக்கு ஒன்று. அக்காவுடையதைத் தங்கை எடுக்கக்கூடாது. பரு இருக்கும் நாளில் வேண்டாம்.

லேசர் இதற்கு உதவாது. அது முடியின் கறுப்பைத் தேடிச் சுடுவது, பூனைமுடியில் அந்தக் கறுப்பே இல்லை. நம்மைப் போன்ற தோலில், முக்கியமாக முகத்தில், லேசருக்குப் பிறகு முடி கூடிய சம்பவங்களும் உண்டு. தோட்டத்து நாட்சம்பளத்தில் பல தடவை கண்டிக்கும் கொழும்புக்கும் போய்வரச் சொல்வதும் நியாயமில்லை.

நாடியில் கறுத்துத் தடித்த முடி புதிதாக முளைப்பது வேறு விஷயம். அதோடு மாதவிடாயும் தள்ளிப்போனால் சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுப் பெண்களிடம் நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வு அதை 6.3 வீதமானவர்களிடம் கண்டது. நாலு கிழமைக்கு ஒருதரம் நூல் போட்டு எடுத்துக்கொண்டே இருந்தால் அந்த அறிகுறி யார் கண்ணிலும் படாமல் போகும். “மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்” என்ற இரண்டு கேள்வியைச் சலூன்காரர் கேட்டால் போதும்.

பெயரில்லாத கிரீமை மாதக்கணக்கில் பூசிவந்தவர்கள் தாமதிக்காமல் வைத்தியரைப் பாருங்கள். ஸ்டீரொய்டாக இருந்தால், ஒரே நாளில் நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும், அந்த எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே பூசத் தோன்றும். டிக்கோயா வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போங்கள். காசு கேட்க மாட்டார்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், எத்தனை மாதம் பூசினீர்கள் என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.