யாரும் படிக்காத ஆய்வுக்கட்டுரைகள்

சென்ற ஆண்டு ஜுருவில் எங்கள் ஆசிரியர் புலனக் குழுவுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. பன்னாட்டுத் தமிழாய்வு மாநாடாம். நேரில் வர வேண்டியதில்லை. கட்டுரை அனுப்பினால் போதும். ஐ.எஸ்.பி.என். எண்ணோடு நூல் வரும், கட்டணம் 150 வெள்ளி. நானும் அனுப்பினேன். இரவு பத்து மணிக்கு அனுப்பிய கட்டுரைக்கு மறுநாள் பசியாறும் நேரத்தில் ஏற்புக் கடிதம் வந்துவிட்டது. எட்டுப் பக்கத்தையும் யார் படிச்சாங்க, எப்போ படிச்சாங்க? நூல் கைக்கு வந்தபோது விடை தெரிந்தது. அவசரத்தில் நான் இருமுறை ஒட்டிவிட்ட ஒரு பத்தி, அப்படியே இருமுறை அச்சாகியிருந்தது.

ஐ.எஸ்.பி.என். இருந்தால் தரமான ஆய்வு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது நூலின் அடையாள எண், அவ்வளவுதான். நம் நாட்டில் தேசிய நூலகம் வழங்குகிறது. சமையல் குறிப்பு நூலுக்கும் அந்த எண் உண்டு.

“காசு வாங்கும் சின்ன இதழ்கள்தான் இப்படி, பெரிய இதழ்ல நடக்காது” என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2016-இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலரின் புற்றுநோய்க் கட்டுரை, நேச்சர் குழுமத்தின் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளிவந்திருந்தது. அதன் படங்களில் ஒரே துண்டு பல இடங்களில் திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டிருந்தது. இதழின் மதிப்பீட்டாளர்கள் கண்ணில் அது படவில்லை. டுவிட்டரில் சிலர் படத்தை உற்றுப் பார்த்துச் சொன்ன பிறகே விவகாரம் வெடித்தது. பல்கலைக்கழகம் விசாரணை நடத்தியது, கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பார்த்தார்கள், தெரிந்தது.

2013-இல் ஜான் பொஹானன் என்ற செய்தியாளர் இதையே சோதித்துப் பார்த்தார். புற்றுநோய் மருந்து பற்றி வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த போலிக் கட்டுரை ஒன்றைத் தயாரித்து, இல்லாத ஆய்வாளர் பெயர், இல்லாத ஆய்வு நிலையப் பெயர் போட்டு 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன! எஸ்.பி.எம். வேதியியல் ஒழுங்காகப் படித்தவருக்கே அந்தப் பிழைகளில் சில உறுத்தியிருக்கும்.

எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்று வந்துவிட்டால் கடை விரிப்பவர்களும் வந்துவிடுவார்கள். இந்தியாவில் பேராசிரியர்களின் பணி உயர்வுக்கு வெளியீடுகளைப் புள்ளி போட்டு எண்ணினார்கள். பிறகு பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலையே சலிக்க வேண்டி வந்தது. 2018 மே மாதம் ஒரே அறிவிப்பில் 4,305 இதழ்களை நீக்கியது. விற்றவர்களை மட்டும் திட்டி என்ன பயன்? வாங்கியவர்கள் படித்தவர்கள். நானும் 150 வெள்ளி கொடுத்தவள்தான்.

இதைச் சொல்லும்போது என் வகுப்பறை நினைவுக்கு வருகிறது. எஸ்.டி.பி.எம். மாணவி ஒருத்தி தன் இடுபணியில் மேற்கோள் நூல்கள் என்று பன்னிரண்டு தலைப்புகளைப் போட்டிருந்தாள். இரண்டு நூல்களை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. “இதுல எதைம்மா படிச்சே?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “குறைஞ்சது பத்து இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க, டீச்சர்” என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை. பத்து என்று கேட்டவள் நான். அந்தப் பத்தில் ஒன்றையாவது திறந்து பார்த்தாயா என்று அதுவரை எந்த மாணவரிடமும் கேட்டதில்லை. பட்டியல் நீளமாக இருந்தால் சரி போட்டுவிடுவேன். என் கட்டுரையை ஒரே இரவில் ஏற்றவர்களும் அதைத்தானே செய்தார்கள்?

இப்போது மூன்று நூல் போதும் என்கிறேன். ஆனால் மேற்கோள் எடுத்த பக்கத்தைக் கையில் கொண்டு வரவேண்டும். அந்தப் பக்கம் என்ன சொல்கிறது என்று இரண்டு நிமிடம் சொந்த வார்த்தையில் பேசவேண்டும். இருபது மாணவர்கள் என்றால் எனக்கு ஒரு வாரம் போகிறது. சக ஆசிரியர்கள் சிலர், “இதுக்கெல்லாம் எங்க டீச்சர் நேரம்?” என்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

அந்த மாநாட்டுக் கட்டுரையை என் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதியிருந்தேன். இந்த ஆண்டுப் படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.