பிரகாரமும் பட்டியலும்

பின்பால் ஆட்டம் இப்போது திரைக்குள் வந்துவிட்டது. 2012-ல் வந்த ‘தி பின்பால் ஆர்கேட்’டுக்குப் பெயரில்தான் கூடம், திறந்தால் வெறும் பட்டியல், தொட்டால் பலகை. 2016-ல் வந்த ‘பின்பால் எஃப்எக்ஸ்2 விஆர்’, கண்ணில் கருவியை மாட்டியதும் ஓர் அறையையே விரித்து, நடுவில் பலகையை வைக்கிறது. எது உயர்ந்தது?

பிரகாரமில்லாமல் சந்நிதியா என்று ஸ்ரீரங்கத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றும். நியாயம்தான். ஆனால் அங்கே ஏழு பிரகாரங்களில் வெளிப்புறத்தவை ஜனங்கள் குடியிருக்கும் வீதிகள். சித்திரை வீதியில் கோலம் உண்டு, கடை உண்டு, வழிமறித்துக் குசலம் விசாரிக்கும் மாமி உண்டு. பழைய ஆட்டக்கூடத்தின் ருசியும் அதுவே: நம் பந்து நழுவும்போது தோளுக்குப் பின்னால் சிரிக்கும் அந்நியன். அவனை விட்டுவிட்டுச் சுவரையும் விளக்கையும் வரைந்தால், உற்சவம் முடிந்த பந்தல்தான் மிஞ்சும். அதற்குப் பட்டியலே மேல். அது தன்னைக் கூடம் என்று சொல்லிக்கொண்டு நம்மைக் காக்க வைப்பதில்லை.