அன்றாட மதிப்பீடும் கொறடா உத்தரவும்: அம்பேத்கரின் 1948 உரை குறித்து ஒரு விமர்சனம்

பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறைக்கும் அமெரிக்க அதிபர் முறைக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக என்பது குடிமையியல் தேர்வுகளில் பழகிப்போன வினா. மாணவர்கள் நடுவில் ஒரு கோடு போட்டு இடப்பக்கம் பிரதமரையும் வலப்பக்கம் அதிபரையும் எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். இந்தியா ஏன் இடப்பக்கத்தைத் தேர்ந்துகொண்டது, தேர்ந்துகொண்டதை இன்றும் வைத்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. முதல் கேள்விக்குத் தெளிவான விடை தருவது, அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்து 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் ஆற்றிய உரை. இரண்டாவது கேள்விக்கான விடையைத் தமிழகத்தின் 2017ஆம் ஆண்டு நிகழ்வுகளில் தேட வேண்டும்.

உரையின் வாதம்

மக்களாட்சியில் நிர்வாகத்துக்கு இரண்டு தகுதிகள் வேண்டும் என்று அம்பேத்கர் தொடங்குகிறார். ஒன்று நிலைத்தன்மை, மற்றொன்று பொறுப்புடைமை. இரண்டையும் சம அளவில் தரும் முறையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது அவர் கணிப்பு. அமெரிக்க, சுவிட்சர்லாந்து முறைகளில் நிலைத்தன்மை கூடுதல். பிரிட்டிஷ் முறையில் பொறுப்புடைமை கூடுதல்.

அடுத்து அவர் கூறுவதுதான் உரையின் உயிர்நாடி. அமெரிக்க முறையில் நிர்வாகத்தை மதிப்பிடுவது குறிப்பிட்ட கால இடைவெளியில் வரும் தேர்தல். பிரிட்டிஷ் முறையில் அந்தக் காலமுறை மதிப்பீட்டோடு அன்றாட மதிப்பீடும் உண்டு. கேள்வி நேரம், தீர்மானங்கள், ஒத்திவைப்புத் தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகியவற்றின் வழியாக உறுப்பினர்களே அதைச் செய்கிறார்கள். இந்தியா போன்ற நாட்டுக்கு அன்றாட மதிப்பீடு மிகவும் தேவை என்பதால், நிலைத்தன்மை சற்றுக் குறைந்தாலும் பொறுப்புடைமை கூடிய முறையை வரைவு தேர்ந்துகொண்டது.

அமெரிக்க முறையைப் போன்ற அதிகாரப் பிரிவினையைச் சபையில் வலியுறுத்தியவர் கே. டி. ஷா. நாடாளுமன்ற முறையை ஆதரித்தவர்களில் வரைவுக் குழு உறுப்பினரான, மயிலாப்பூரில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் ஒருவர். சபை இறுதியில் அம்பேத்கரின் பக்கமே நின்றது. அரசியலமைப்பின் 75(3), 164(2) ஆகிய பிரிவுகள் அமைச்சரவையை மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் கூட்டாகப் பொறுப்பாக்கின.

உரையின் வலிமையும் இடைவெளியும்

நாட்டின் பெருமை, மரபு என்றெல்லாம் பேசாமல் ஒவ்வொரு முறையிலும் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்று கணக்குப் பார்ப்பது இந்த உரையின் வலிமை. இன்றைய மாணவர் முதலில் கற்க வேண்டியது அந்த அணுகுமுறைதான்.

ஆனால், அதில் ஒரு இடைவெளியும் இருக்கிறது. அன்றாட மதிப்பீட்டைச் செய்பவர்கள் அவை உறுப்பினர்கள் என்று உரை பொதுவாகச் சொல்லிவிடுகிறது. எதிர்க்கட்சி எவ்வளவு கேள்வி கேட்டாலும் பெரும்பான்மை உள்ள அரசு விழாது. அரசை உண்மையில் அசைக்கக்கூடியவர்கள் ஆளுங்கட்சியின் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் தம் தலைவருக்கு எதிராகக் கை உயர்த்த முடிந்தால்தான் அன்றாட மதிப்பீட்டுக்குப் பொருள் உண்டு. அந்த உரிமையை யார் காப்பாற்றுவது என்பதை உரை பேசவில்லை.

பிரிட்டனில் அந்த உரிமை இன்றும் உயிரோடு இருக்கிறது. 1940 மே 8 அன்று நார்வே விவாதத்தின் முடிவில் சேம்பர்லினின் அரசு 281க்கு 200 என்று வென்றது. ஆனால், சொந்தக் கட்சியினர் பலர் எதிர்த்து வாக்களித்ததால் இரண்டே நாளில் அவர் பதவி விலகினார், சர்ச்சில் வந்தார். 2019 செப்டம்பரில் அரசை எதிர்த்து வாக்களித்த 21 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களைக் கட்சி நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கியது. அவர்களுடைய தொகுதியையோ இருக்கையையோ தொட முடியவில்லை. 2022இல் போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ் இருவரையும் வெளியேற்றியதும் அவர்கள் கட்சியினரே.

அமெரிக்காவில் கதை வேறு. 2017 ஜூலையில் செனட்டர் ஜான் மெக்கெய்ன் தம் கட்சி அதிபர் விரும்பிய மருத்துவக் காப்பீட்டு மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். மசோதா தோற்றது. மெக்கெய்னின் பதவியும் போகவில்லை, அதிபரின் பதவியும் போகவில்லை. அங்கே உறுப்பினருக்குச் சுதந்திரம் உண்டு, ஆனால் அந்தச் சுதந்திரத்தால் நிர்வாகத்தை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

பத்தாவது அட்டவணை

இந்தியாவில் 1967க்குப் பின் கட்சித் தாவல் ஒரு நோயாகப் பரவியது. அதைத் தடுக்க 1985இல் 52ஆம் திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சி உறுப்பினர் தகுதியைத் தாமாக விட்டுக்கொடுத்தாலும், கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும் உறுப்பினர் பதவி போகும். மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் கிடைத்த விலக்கை 2003இல் 91ஆம் திருத்தம் நீக்கியது. தீர்ப்பளிப்பவர் பேரவைத் தலைவர். பிரிட்டனில் அந்தப் பதவிக்கு வருபவர் தம் கட்சியை விட்டு விலகிவிடுகிறார். இங்கே அந்த மரபு இல்லை.

பணத்துக்கும் பதவிக்கும் கட்சி மாறுவதைத் தடுக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால், கட்சி மாறுவதையும் கட்சிக்குள் இருந்தபடி மாற்றுக் கருத்து கொள்வதையும் இச்சட்டம் ஒரே கயிற்றால் கட்டிவிட்டது. களையோடு பயிரையும் பிடுங்கிய கதைதான்.

2017: தமிழகத்தில் நடந்தது

2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு 122க்கு 11 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றது. எதிர்த்து வாக்களித்த 11 பேர் ஓ. பன்னீர்செல்வமும் அவர் அணியினரும். ஆகஸ்ட் 21 அன்று இரு அணிகளும் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சர் ஆனார். மறுநாளே டி. டி. வி. தினகரன் ஆதரவு உறுப்பினர்கள் 19 பேர் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சர் மீது தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தனர். கட்சியை விட்டுப் போகவில்லை, முதலமைச்சரை மாற்றவே கேட்கிறோம் என்பது அவர்கள் வாதம். பின்னர் ஒருவர் விலகிக்கொள்ள, மற்ற 18 பேரைச் செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் ப. தனபால் தகுதி நீக்கம் செய்தார்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2018 ஜூன் 14 அன்று மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கம் செல்லும் என்றார். அத்தொகுதிகளுக்குப் புதிய உறுப்பினர்கள் வந்தது 2019 மே 23 அன்றுதான். பெருங்குடி வழியாகச் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே போனால் வரும் திருப்போரூர் உட்பட 18 தொகுதிகளின் மக்களுக்கு 20 மாதங்கள் சட்டப்பேரவையில் குரல் இல்லை.

அவைக்குள் அரசை எதிர்த்து வாக்களித்த 11 பேர், அந்தப் பேரவையின் காலம் 2021இல் முடியும் வரை பதவி இழக்கவில்லை. அவைக்கு வெளியே கடிதம் கொடுத்த 18 பேர் பதவி இழந்தனர். எந்த அணியின் அரசியல் சரி என்பது இக்கட்டுரையின் பொருள் அல்ல. லண்டனில் ஒரு பிரதமரை மாற்றப் போதுமான செயல், சென்னையில் பதவியைப் பறிக்கும் குற்றமாகிவிட்டது என்பதே கவனிக்க வேண்டியது.

மாற்று உண்டா?

நிலைத்தன்மையும் பொறுப்பும் ஒருசேரக் கிடைக்காது என்ற அம்பேத்கரின் கணிப்பை ஆறே மாதத்தில் ஒரு நாடு சோதித்துப் பார்த்தது. 1949 மே மாதம் மேற்கு ஜெர்மனி ஏற்ற அடிப்படைச் சட்டத்தின் 67ஆம் பிரிவுப்படி, அடுத்த தலைவரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால்தான் இருப்பவரை நீக்க முடியும். 1982இல் ஷ்மிட்டை நீக்கி ஹெல்முட் கோலை அப்படித்தான் அமர்த்தினார்கள்.

இந்தியாவில் 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு, கொறடாவை மீறியதற்கான தகுதி நீக்கத்தை அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளோடு நிறுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது மசோதாக்கள் மீதான விவாதத்துக்கு உயிர் கொடுக்கும். ஆனால், 2017இல் எழுந்த சிக்கலுக்கு அது மட்டும் போதாது. தகுதி நீக்கத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒரு கட்சியின் சின்னத்தில் வென்றவரிடமிருந்து நடுநிலை அமைப்புக்கு மாற்ற வேண்டும். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் தம் தலைவரை மாற்றக் கேட்பது கட்சியை விட்டு விலகுவதாகாது என்றும் சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அம்பேத்கரின் உரை இன்றும் பாடமாக வைக்கத் தக்கது. அதை 1985ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் நிலைத்தன்மையை விட்டுக்கொடுத்து பிரிட்டனின் அன்றாட மதிப்பீட்டை வாங்கினோம் என்கிறது உரை. வாங்கியதை 37 ஆண்டுகளில் நாமே பூட்டி, சாவியைக் கட்சித் தலைமையிடம் கொடுத்துவிட்டோம். அடுத்த முறை அந்த அட்டவணையைப் போடும் மாணவர், இந்தியாவுக்கென்று மூன்றாவது பத்தி ஒன்றைத் தனியாகப் போடுவதே சரியான விடை.