செத்தவருக்கு மீதிச் சில்லறை

போடிநாயக்கனூர் வாசகர் ஒருவர் பேய்க்கதை எழுதி அனுப்பியிருக்கிறார். ஏலத்தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கதை சொல்கிறார். ராத்திரி பஸ், போடிமெட்டு, 17 கொண்டை ஊசி வளைவு, பனியோடு வரும் ஏலக்காய் வாசனை... எல்லாம் பிரமாதம். கடைசி வரியில், அவர் போன வருஷமே செத்துவிட்டாராம்! அப்படியானால் கண்டக்டர் மீதிச் சில்லறையை யாருக்குக் கொடுத்தார்? பி.காம். படித்தவனுக்குக் கணக்கு இடித்தால் தூக்கம் வராது.

பொய் சொல்லும் கதைசொல்லிக்கும் ஒரு நாணயம் வேண்டும். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை (1943) எடுத்துக்கொள்ளுங்கள். கதை சொல்பவர், தான் பொய் எழுதிப் பிழைக்கிறவன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். நாம்தான் சிரித்துவிட்டு மறந்துபோகிறோம். தூக்கமில்லாத ராத்திரி, எங்கிருந்தோ வரும் நாற்றம், வீட்டுக்குள் வந்துவிட்ட வேலைக்காரி. மனைவி கழுத்தில் பார்த்த ரத்தத் துளிக்கு அவர் ஒருவர்தான் சாட்சி. பேயா, பிரமையா? திரும்பப் படித்தாலும் இரண்டு கணக்கும் டாலி ஆகிறது. (பேய் வரும் கதைகளில் இது அபூர்வம்.)

போடிக்காரரே, கடைசி வரியை அடித்துவிடுங்கள். சில்லறையையும்தான். கண்டக்டர் எல்லோரிடமும் டிக்கெட் கேட்கட்டும், இவரைத் தவிர. தோட்டத்து ஆள் என்ற மரியாதை போலிருக்கிறது என்று கணக்குப்பிள்ளை பெருமைப்பட்டுக்கொள்ளட்டும்.