மிஞ்சும் விலங்குகள்

வீடியோ விளையாட்டு விமர்சனத்துக்கு உரிய பொருளா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கு ஆர்வமில்லை. சினிமாவைப் பற்றியும் இதே கேள்வி கேட்கப்பட்டது. மோசமான உதாரணங்கள் மலிந்திருப்பதற்காக ஒரு வடிவத்தையே நிராகரிப்பதென்றால் தமிழில் நாவலைப் பற்றிப் பேச முடியாது. நான் இங்கே எடுத்துக்கொள்வது, மிருகக்காட்சிசாலை ஒன்றைக் கட்டி நிர்வகிக்கும் விளையாட்டான 'பிளானட் ஸூ'. சில மாதங்களாக இரவுகளில் இதை ஆடி வருகிறேன். இதன் தேர்ச்சி பெரியது. இதில் ஒரு பொய்யும் இருக்கிறது. அந்தப் பொய் எந்த இடத்தில் தேவைப்படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பிரிட்டனில் கேம்பிரிட்ஜிலுள்ள ஃப்ரான்டியர் டெவலப்மெண்ட்ஸ் இதை 2019 நவம்பரில் வெளியிட்டது. இதற்கு முன்னோடி, 2001-ல் அமெரிக்காவின் ப்ளூ ஃபாங் கேம்ஸ் உருவாக்கி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'ஸூ டைகூன்'. அதில் விலங்கு, மேலிருந்து சாய்வாகப் பார்க்கப்படும் ஒரு சின்னப் பொம்மை. வேலியை எடுத்துவிட்டுச் சிங்கத்தைக் கூட்டத்துக்குள் அனுப்பி, ஜனங்கள் சிதறி ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பது ஒரு தலைமுறைச் சிறுவர்களின் பொழுதுபோக்காக இருந்தது. 'பிளானட் ஸூ'வில் விலங்குக்கு உடல் வந்துவிட்டது. யானை காலை ஊன்றும்போது அதன் கனம் தெரிகிறது. ஓநாய் படுப்பதற்கு முன் ஒரு கணம் தயங்குகிறது. மயிரிழைகளின் நேர்த்தியைக் கண்டு மயங்குவதே ரசனை என்று நினைப்பவர்களுக்கு இதுவே போதும்.

இந்த அழகுக்கு ஒரு வம்சாவளி உண்டு. விலங்கு வியாபாரியான கார்ல் ஹாகன்பெக் 1907-ல் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் திறந்த பூங்காவில் கம்பிகளுக்குப் பதிலாக அகழிகளை அமைத்தார். முன்னால் மேயும் பிராணிகள், பின்னால் சிங்கம், அதற்கும் பின்னால் செயற்கைப் பாறை. இடையிலுள்ள பள்ளம் பார்ப்பவன் கண்ணில் படாது. சிறை அப்படியே இருந்தது, பார்ப்பவனின் உறுத்தல் மட்டும் நீங்கியது. (மனிதர்களையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தவர் இவர்.) 'பிளானட் ஸூ'வில் நிலத்தைக் குடையவும் உயர்த்தவும் பாறைகளை அடுக்கவும் தரப்படும் கருவிகள் ஹாகன்பெக்கினுடையவைதான். நானும் ஓர் ஓநாய்க் கூட்டத்துக்காக மூன்று இரவுகள் உட்கார்ந்து, வேலியே தெரியாத ஒரு பள்ளத்தாக்கை அமைத்தேன். ஓநாய்களுக்கு எல்லை எங்கே என்று தெரிந்தேதான் இருக்கும். நான் அதை மறைத்தது பார்வையாளர்களிடமிருந்து, முக்கியமாக என்னிடமிருந்து.

ஜான் பெர்ஜர் 'விலங்குகளை ஏன் பார்க்க வேண்டும்' என்று 1977-ல் ஒரு கட்டுரை எழுதினார். மிருகக்காட்சிசாலைக்குப் போகிறவன் எதிர்பார்க்கும் பதில்பார்வை அங்கே கிடைப்பதில்லை என்பது அதில் அவர் கண்ட விஷயம். இந்த விளையாட்டு அந்த ஏமாற்றத்தை விநோதமான முறையில் ஈடுகட்டுகிறது. விலங்கு நம்மைப் பார்க்க வேண்டியதே இல்லை. அதன் உள்ளே இருப்பதை நாம் படித்துக்கொள்ளலாம். சுட்டியை ஒரு தட்டுத் தட்டினால் பலகை விரிகிறது. உணவு, துணை, இருப்பிடம், பொழுதுபோக்கு ஒவ்வொன்றும் நூற்றுக்கு இத்தனை. புல் அதிகம், மண் குறைவு, வெப்பம் போதாது. ஜனங்கள் உற்றுப் பார்ப்பதால் இந்தப் பிராணி மனம் குலைந்திருக்கிறது என்றுகூடச் சொல்கிறது. உடனே ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடியை வாங்கிப் பொருத்திவிடலாம். பகலெல்லாம் வங்கியில் பற்றும் வரவும் சரிபார்க்கிறவனான எனக்கு இந்தப் பலகை முதலில் ஆறுதலாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். துயரம் என்பது இன்னும் நேர் செய்யப்படாத ஒரு பதிவு, அவ்வளவுதான். அங்கிருந்து போய்விட வேண்டும் என்று ஒரு விலங்குக்குத் தோன்றினால், அதற்குப் பலகையில் கட்டம் இல்லை.

இவ்வளவு ஒழுங்கான உலகம் ஓரிடத்தில் ஆட்டம் காண்கிறது. எல்லாக் கட்டங்களும் நிறைந்துவிட்டால் விலங்குகள் குட்டி போடுகின்றன. விளையாட்டின் ஓர் ஆண்டு சில நிமிடங்களில் ஓடிவிடும். இரண்டு விலங்குகள் ஏழாகின்றன, ஏழு இருபதாகின்றன. ஆண்கள் மோதிக்கொள்கின்றன. உடன்பிறந்தவை சேர்ந்து பலவீனமான குட்டிகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உடல் அளவு, ஆயுள், கருவளம், நோய் எதிர்ப்பு என்று மரபுக்குறிப்பு உண்டு. கட்டிடக் கலைஞனாக உள்ளே வந்தவன் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று தீர்ப்பு எழுதும் குமாஸ்தாவாகிவிடுகிறான். மிருகக்காட்சிசாலை பற்றிய படங்களும் குழந்தைப் புத்தகங்களும் தொடாத விஷயம் இது. ஸ்தாபனத்தின் மையப் பிரச்சினை கூண்டு அல்ல, மிஞ்சிப்போகும் விலங்கு என்பதை இவ்வளவு துல்லியமாக அனுபவமாக்கிய வேறொரு படைப்பை நான் அறியேன். இங்கேதான் இது கலையை நெருங்குகிறது என்று சொல்வேன்.

நெருங்கிய மாத்திரத்தில் பயந்து விலகியும் விடுகிறது. மிஞ்சிய விலங்குகளுக்குக் கருத்தடை உண்டு, விற்பனை உண்டு. இவற்றோடு 'காட்டில் விடு' என்று ஒரு பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் விலங்கு மறைகிறது. 'கன்ஸர்வேஷன் கிரெடிட்' என்ற புள்ளிகள் நம் கணக்கில் ஏறுகின்றன. அந்தப் புள்ளிகளைக் கொடுத்து இன்னும் அரிய விலங்குகளை வாங்கலாம். இதன் தர்க்கத்தைப் புரிந்துகொண்ட பலர், வேகமாகப் பெருகும் வார்ட்ஹாக் பன்றிகளைப் பண்ணை போலப் பெருக்கி, கூட்டம் கூட்டமாகக் 'காட்டுக்கு' அனுப்பிப் புள்ளி சேர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. விளையாட்டு கற்பித்ததைத்தான் அவர்கள் செய்தார்கள். எது தொலைந்ததற்காக மிருகக்காட்சிசாலை வருந்துவதாகச் சொல்லிக்கொள்கிறதோ அந்தக் காடு, இங்கே கொல்லைப்புற வாசலாகிவிட்டது.

கோபன்ஹேகன் மிருகக்காட்சிசாலையில் அந்த வாசல் இல்லை. அங்கே மாரியஸ் என்ற ஒட்டகச்சிவிங்கி இருந்தது. ஆண், வயது ஒன்றரை இருக்கும், நோய் எதுவும் இல்லை. ஐரோப்பிய இனப்பெருக்கத் திட்டத்தில் அதன் மரபணுக்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தன. ஆகவே அது மிகை. 2014 பிப்ரவரி 9-ல் அதைக் கொன்றார்கள். குழந்தைகளும் நிற்க, பொதுமக்கள் முன்னால் அறுத்து விளக்கினார்கள். இறைச்சியின் ஒரு பகுதியைச் சிங்கங்களுக்குப் போட்டார்கள். உலகமே கொதித்தது. இதை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் தன் கணக்கில் வரும் மீதியை ஒளிக்காமல் ஜனங்கள் முன்னால் வைத்தது அந்த ஸ்தாபனம். 'பிளானட் ஸூ'வின் சிங்கங்களும் இறைச்சிதான் தின்கின்றன. அந்த இறைச்சி எந்த உடலிலிருந்தும் வந்ததல்ல.

காட்டில் விடுவது உண்மையில் நடப்பதுதானே என்று சொல்லலாம். நடந்திருக்கிறது. அரேபிய ஓரிக்ஸ் மான் 1972-ல் இயற்கையிலிருந்து முற்றாக அழிந்தது. அதற்கு முன்பே, 1963 முதல், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலையில் ஒரு சிறு மந்தையைப் பெருக்கி வந்தார்கள். 1982-ல் ஓமனின் ஜித்தத் அல்-ஹராஸிஸ் பாலைவனத்தில் சிறையில் பிறந்த ஓரிக்ஸ்களை அவிழ்த்துவிட்டார்கள். அவை பெருகின. அந்த நிலம் 1994-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1996-ல் சுமார் 450 மான்கள் இருந்தன. பிறகு திருட்டு வேட்டை வந்தது. எண்ணிக்கை 65-க்கு இறங்கியது. எண்ணெய் தேடுவதற்காக அரசு சரணாலயப் பரப்பில் 90 சதவீதத்தைக் குறைத்தது. 2007-ல் அந்த இடம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அது. மான்களை வளர்த்தவர்களின் உழைப்பை இது பொய்யாக்கவில்லை. ஆனால் காடு என்பது வேட்டைக்காரனும் எண்ணெய்க் கிணறும் அரசாங்கமும் உள்ள இடம். அங்கே போன விலங்குக்கு அதன் பிறகும் ஒரு கதை உண்டு.

விளையாட்டு என்றால் எதையாவது எளிமைப்படுத்தத்தான் வேண்டும் என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. அடைப்புக்குள் மண் எத்தனை சதவீதம், புல் எத்தனை சதவீதம் என்று பிடிவாதமாகக் கணக்குக் கேட்கும் ஒரு படைப்பு, வெளியே அனுப்பிய விலங்கு பிழைத்ததா என்று ஒரு வரி கூடக் கேட்பதில்லை. இது எளிமை அல்ல, பார்வையின் தேர்வு. விட்ட பத்தில் எத்தனை எஞ்சின என்று ஓராண்டு கழித்து ஒரு சீட்டு வந்தால் போதும். ஆட்டத்தின் குணமே மாறிவிடும். இதை எழுதியவர்களுக்கு அதற்கான திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

போன வாரம் ஓர் இரவு, பட்டியலில் பதினான்கு வார்ட்ஹாக் குட்டிகளைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. விளையாட்டே வைத்த பெயர்கள். பெயர்கள் போயின, மூலையில் எண் ஏறியது. நிலத்தின் எல்லைக்கு அப்பால் மரங்களும் மங்கலான குன்றுகளும் தெரிகின்றன. அவை வெறும் பின்னணி. அங்கே எதுவும் நடமாடுவதில்லை. இருந்தும் பார்வைக்கோணத்தைத் திருப்பி, கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.