மின்னொளிக் களமும் ஏல மேடையும்

மதுரைக்கு மேற்கே சமணர் மலையடிவாரத்தில் உள்ள கீழக்குயில்குடி, அதனைச் சூழ்ந்த நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய சமவெளியில் வளரும் ஓர் இளைஞன் கபடியைத் தன் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்புவானாயின், அவன் நடக்க வேண்டிய வழி ஏறத்தாழ வகுக்கப்பட்டுவிட்டது. ஊர்க் களத்தில் பெயரெடுத்து, பள்ளி அணி அல்லது விளையாட்டு விடுதி வழியாக மாவட்ட, மாநில அணிகளில் இடம்பிடித்து, தேசியப் போட்டியில் ஆடிய சான்றிதழைக் கொண்டு அரசுத் துறை அணி ஒன்றில் வேலை பெறுவதோ, 2014 முதல் நடைபெற்றுவரும் புரோ கபடி லீக்கின் ஏலத்தில் ஓர் அணியால் எடுக்கப்படுவதோ அவ்வழியின் முடிவு. தொடக்கமும் முடிவும் வலுவாக உள்ள இம்முறையில், இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி, அதாவது ஏறத்தாழ 16 வயது முதல் 21 வயது வரையிலான காலம், பெரும்பான்மை ஆட்டக்காரர்களுக்குப் பொறுப்பேற்பார் எவருமின்றிக் கழிகிறது என்பதும், ஏலத் தொகைகளின் பளபளப்பு அக்குறையைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

தொடக்கத்தின் வலு ஊர்ப் போட்டிகளில் இருக்கிறது. பொங்கலையும் கோயில் திருவிழாக்களையும் ஒட்டி, அறுவடை முடிந்த நிலத்திலோ பள்ளித் திடலிலோ மண்ணைக் கிளறிப் பதப்படுத்தி, சுண்ணாம்புக் கோடு கிழித்து, கம்பங்களில் விளக்குகளைக் கட்டி இரவு முழுவதும் நடத்தப்படும் ஆட்டங்களையே சுவரொட்டிகள் ‘மின்னொளிக் கபடிப் போட்டி’ என்று அறிவிக்கின்றன. நுழைவுக் கட்டணம் செலுத்தும் எந்த ஊர் அணியும் இதில் கலந்துகொள்ளலாம். இன்னின்ன கிலோவுக்கு உட்பட்டவர் மட்டுமே ஆடலாம் என்னும் எடைப் பிரிவுப் போட்டிகளும் நடப்பதால், மெலிந்த உடல்வாகு கொண்ட சிறுவனுக்கும் ஆடுவதற்கு ஓர் இடம் கிடைக்கிறது. காலணியோ மட்டையோ தேவைப்படாத இம்மண் களத்தில் வறுமை ஒருவனை வாசலிலேயே நிறுத்துவதில்லை. பெரிய ஆட்டக்காரர்களின் எதிரில் நின்று, மூச்சடக்கிப் பாடிச் சென்று தொட்டுத் திரும்பும் துணிவையும், கணுக்கால் பிடி, தொடைப் பிடி போன்ற நுட்பங்களையும் எந்தப் பாடத்திட்டமும் இன்றி அவன் கற்றுக்கொள்கிறான். திறமையைத் தேடிச் செல்லும் செலவு எவருக்கும் இன்றி, ஊர் மக்களின் நன்கொடையிலேயே ஆயிரக்கணக்கான இளைஞர்களைச் சோதித்துப் பார்க்கும் இத்தகைய ஏற்பாட்டைப் பணம் கொழிக்கும் விளையாட்டுகள்கூட எளிதில் உருவாக்கிவிட முடியாது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து எழுந்து 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசனும், தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து நாற்பது வயதைக் கடந்த பின்னரும் 2016 இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிப் புரோ கபடிக் கோப்பையை வென்ற தர்மராஜ் சேரலாதனும் தமிழ்நாட்டின் இத்தகைய ஊர்க் களங்கள் உருவாக்கியவர்களே.

ஆயினும் ஊர்க் களம் திறமையைக் கண்டுகொள்கிறதே ஒழிய, அதைப் பேணுவதில்லை. ஒரே இரவில் பல ஆட்டங்களை ஆட நேர்வது, வெற்றி பெற்ற அணிக்கு விடியும் வரை ஓய்வில்லாமை, முழங்காலோ தோள்மூட்டோ பிசகினால் உள்ளூர் வைத்தியத்தோடு அடுத்த வாரமே களமிறங்குவது ஆகியவை வழக்கமாகிவிட்டன. களத்தருகே மருத்துவ வசதி இருப்பது பெரும்பாலும் அமைப்பாளர்களின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே உள்ளது. 2022 ஜூலையில் கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே நடந்த ஒரு போட்டியில், பாடிச் சென்ற 22 வயது இளைஞர் ஆடுகளத்திலேயே விழுந்து உயிரிழந்த பிறகும், ஊர்ப் போட்டிகளுக்கு மருத்துவ வசதியைக் கட்டாயமாக்கும் ஏற்பாடு வேரூன்றவில்லை என்பது பொறுத்துக்கொள்ளத்தக்க செய்தி அன்று. இதனோடு ஆட்ட முறையின் வேறுபாடும் சேர்கிறது: தேசிய, பன்னாட்டு ஆட்டங்கள் செயற்கை விரிப்பில், அதாவது ஆட்டக்காரர்கள் ‘மேட்’ என்று சொல்லும் தளத்தில், காலணி அணிந்து ஆடப்படுகின்றன, அங்கே எதிரணிப் பக்கம் பாடிச் செல்லும் ஒரு பாட்டுக்கு 30 நொடியே அளவு, தொடர்ந்து இருமுறை புள்ளியின்றித் திரும்பிய அணி மூன்றாவது பாட்டில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்னும் விதியும் லீக்கில் உண்டு. மண்ணில் வழுக்கி விழுந்து தப்பப் பழகிய உடல், பாதத்தை இறுகப் பற்றும் விரிப்பில் திடீரெனத் திரும்பும்போது முழங்காலில் விழும் சுமை வேறுவகையானது. அதற்கான பயிற்சியைப் பதினைந்து வயதில் தொடங்காதவன் இருபது வயதில் அதன் விலையைத் தன் மூட்டுகளால் கொடுக்கிறான்.

அரசு இவ்விடைவெளியை முற்றிலும் காணாமல் விட்டுவிடவில்லை. 1992 இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் உணவு, தங்குமிடம், பயிற்சி, பள்ளிப் படிப்பு ஆகியவற்றை ஒருசேரத் தருகின்றன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் மாவட்ட அளவில் பெருந்திரளான மாணவரை ஆடவைக்கின்றன. ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகளை வழங்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டமும் 2024 பிப்ரவரியில் மதுரையில்தான் தொடங்கப்பட்டது. விடுதியில் இடம்பெற்ற சிலருக்கு இவை பெரும் நன்மை செய்துள்ளன. இடம்பெறாத பலருக்கோ, ஊர்க் களத்தைத் தவிர வேறு பயிற்சிக் கூடம் இல்லை. விடுதியில் இருந்தவனுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் கல்லூரி அணி கிடைக்காவிட்டால் அதே நிலைதான்.

இவ்வட்டாரத்தில் சான்றிதழுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதை வரலாற்றோடு சேர்த்தே புரிந்துகொள்ள முடியும். 1914 இல் குற்றப் பழங்குடியினர் சட்டத்தின்கீழ்ப் இவ்வட்டாரத்தின் பிரமலைக் கள்ளர் சமூகத்தினரைப் பதிவு செய்யும் நடவடிக்கை கீழக்குயில்குடியிலிருந்தே தொடங்கியது. மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்று அழைத்த அச்சட்டம், ஓர் ஊரின் ஆண்களைப் பிறப்பின் அடிப்படையிலேயே சந்தேகத்துக்குரியவர்களாக்கி, அவர்களுடைய நடமாட்டத்தைக் காவல்துறையின் கைக்குள் வைத்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களில் பலர் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். சட்டம் 1947 வரை நீடித்தது. அரசின் பதிவேட்டில் அவ்வாறு இடம்பெற்ற ஊர்களில், அதே அரசின் முத்திரையிட்ட விளையாட்டுச் சான்றிதழும் அதன்வழிக் கிடைக்கும் காவலர் வேலையும் சம்பளத்தைக் கடந்த கண்ணியத்தைத் தருகின்றன. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாட்டில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு; தெற்கு ரயில்வே போன்ற மத்திய அரசு நிறுவனங்களும் ஆட்டக்காரர்களைப் பணியமர்த்துகின்றன. உழவுக் கூலியும் கட்டட வேலையுமே மாற்று என்னும் குடும்பங்களுக்கு இது மிகப் பெரிய பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் தகுதி, ஆட்டத்தால் அன்றிச் சான்றிதழால் அளக்கப்படுவதால், மாநில அணியின் தேர்வாளர்களிடம் அளவு மீறிய அதிகாரம் குவிகிறது. அத்தேர்வு எந்த அளவுகோலின்படி நிகழ்ந்தது என்பதை வெளியிடும் கடமை அவர்களுக்கு இல்லை. 2018 இல் இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பின் தலைமைத் தேர்தலை டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்து நிர்வாகி ஒருவரை நியமிக்க நேர்ந்தது, இவ்விளையாட்டின் நிர்வாகம் எவ்வளவு காலம் கேள்வியின்றி இயங்கியது என்பதற்குச் சான்று.

ஏலத்தின் நன்மையை மறுப்பதற்கில்லை. 2014 இல் நடந்த முதல் ஏலத்தில் மிக உயர்ந்த தொகையாக ராகேஷ் குமாருக்குக் கிடைத்தது 12.8 லட்சம் ரூபாய்; 2018 இல் மோனு கோயத் 1.51 கோடியைத் தொட்டார். கபடியாடிப் பிழைக்க முடியும் என்னும் எண்ணத்தை ஊர்களில் விதைத்தவை இத்தொகைகளே. எனினும் ஏலம் என்பது ஏற்கெனவே விளைந்ததை வாங்கும் முறை. விளைவிப்பதற்கான பொறுப்பு அதில் எவருக்கும் இல்லை. 2017 இல் லீக்கில் சேர்ந்த தமிழ் தலைவாஸ் அணியின் பட்டறிவு இதைத் தெளிவாக்குகிறது. 2022 இல் அவ்வணி பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயம்பட்டு அவர் அப்பருவம் முழுவதையும் இழந்தார். அதன் பிறகு, புதிய இளம் ஆட்டக்காரர் என்னும் பிரிவில் அணிக்கு வந்த நரேந்தர் கண்டோலா போன்றோரின் ஆட்டத்தால் அணி முதன்முறையாக அரையிறுதியை எட்டியது. வளர்த்தெடுக்கப்பட்ட இளமை, வாங்கப்பட்ட புகழுக்கு ஈடுகொடுக்கும் என்பதை இது காட்டியது. ஆயினும் அந்த இளைஞரும் அரியானாவின் பயிற்சி மரபிலிருந்து வந்தவரே ஒழிய, இந்த அணி பெயர் தாங்கும் மாநிலத்தின் களங்களிலிருந்து வந்தவர் அல்லர்.

இங்கே ஆஸ்திரேலியக் கால்பந்தின் முறையை ஒப்பிடுவது பயன்தரும். நீள்வட்டத் திடலில் பக்கத்துக்கு 18 பேர், நீள்வட்டப் பந்தைக் காலாலும் கையாலும் கடத்தி ஆடும் இவ்விளையாட்டின் உயர் லீக்கில், 1986 முதல் ஏலத்துக்குப் பதிலாகத் தேர்வு வரிசை முறை நடைமுறையில் உள்ளது: முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த சங்கத்துக்கு முதல் வாய்ப்பு; பின்னர் ஒவ்வொன்றாக மேல்நோக்கி. விக்டோரியா மாநிலத்தில் 1992 இல் தொடங்கிய, 18 வயதுக்கு உட்பட்டோருக்கான வட்டார லீக், ஊர்ச் சங்கங்களுக்கும் உயர் லீக்குக்கும் இடையே ஒரு படியாக நிற்கிறது. பதினாறு வயதுச் சிறுவன் தன் வட்டார அணியிலேயே பயிற்சியாளரையும் உடற்பயிற்சி வல்லுநரையும் பெறுகிறான்; மாநிலங்களுக்கு இடையிலான ஆட்டங்களிலும், ஓட்டம், குதிப்பு முதலியவற்றை அளக்கும் பொதுத் தேர்வு முகாமிலும் எல்லாச் சங்கங்களும் அவனைப் பார்க்கின்றன.

அம்முறையும் குறையற்றதன்று. எந்த நகரத்துக்குச் செல்வது என்பதைப் பதினெட்டு வயது இளைஞன் தீர்மானிக்க முடியாது. பெர்த்தில் வளர்ந்தவன் கண்டத்தின் மறுகோடியிலுள்ள மெல்போர்னுக்கு வீட்டை விட்டுச் செல்ல நேரும். கடைசி இடத்துக்குப் பரிசளிக்கும் விதி தோல்வியை விரும்பவும் தூண்டும். 2009 பருவத்தில் மெல்போர்ன் சங்கம் வேண்டுமென்றே தோற்றதாக எழுந்த குற்றச்சாட்டு நிறுவப்படாவிட்டாலும், அக்காலத்து நடத்தைக்காக 2013 இல் அச்சங்கத்துக்கு 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஆகவே தேர்வு வரிசையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. நமக்குத் தேவையானது அந்த இடைப்படி. ஒவ்வொரு லீக் அணியும் தன் மாநிலத்தின் வட்டாரங்களில், தமிழ்நாட்டிலாயின் மதுரை, தஞ்சை, திருநெல்வேலி போன்றவற்றில், இளையோர் அணிகளைப் பேணவும், ஏலத் தொகையின் ஒரு பங்கு ஆட்டக்காரனை முதலில் வளர்த்த ஊர்க் கழகத்துக்குச் செல்லவும் விதி வகுப்பது சாத்தியமே. உலகக் கால்பந்தில் ஓர் ஆட்டக்காரர் விலைக்கு மாறும்போது, அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்கு மாற்றுத்தொகையில் 5 விழுக்காடு பகிரப்படுகிறது. அந்த விதி கபடிக்கு வந்தால், விரிப்பு வாங்கவும் காயத்துக்குச் சிகிச்சை அளிக்கவும் ஊர்க் கழகங்களுக்கு நன்கொடைப் புத்தகத்தைத் தவிர வேறு வருவாயும் கிடைக்கும்.

பெண்களைப் பொறுத்தவரை இந்த விவாதமே பாதியில் நின்றுவிடுகிறது. 2010 முதல் மகளிர் கபடி ஆசிய விளையாட்டுப் போட்டியில் உள்ளது. 2025 இல் பக்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா ஆடியபோது தமிழகம் முழுவதும் கொண்டாடியது. மாநில அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்கியது. ஆனால் 2016 இல் மூன்று அணிகளோடு நடத்தப்பட்ட மகளிர் கபடிப் போட்டி ஒரே பருவத்தோடு நின்றுபோனதால், ஆண்களின் ஏலத்துக்கு நிகரான மேடை அவருடைய வயதுப் பெண்களுக்கு அமையவில்லை. மின்னொளிப் போட்டிகளிலும் பெண்கள் அணிகளின் ஆட்டம் பெரும்பாலும் காட்சி ஆட்டமாகவே நடத்தப்படுகிறது. ஆகவே அவர்களுக்கு அரசு வேலைக்கான சான்றிதழ் ஒன்றே இப்பாதையின் முழுப் பயன். அதை வழங்கும் தேர்வுகள் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்னும் கோரிக்கை அவர்களிடமிருந்தே முதலில் எழுவது இயல்பு.